ஐஸ் கம்பெனி பாயைப் பனிப்பாறைக்குக் கூட்டிப்போன கதை

பனிப்பாறை காட்டுவதுதான் என் பிழைப்பு என்று சொன்னால் திருக்கோகர்ணத்தில் ஆட்டோக்காரர்கூட ஒரு மாதிரியாகத் திரும்பிப் பார்ப்பார். புதுக்கோட்டை வெயிலில் உட்கார்ந்துகொண்டு ஐஸ்லாந்துக்கு ஆள் சேர்க்கிற வேலை. சொந்தக்காரர்களை வேனில் ஏற்றிக் கொடைக்கானலுக்குக் கூட்டிப்போய், மழை பெய்ததற்கும் சேர்த்துத் திட்டு வாங்கியவர் யாராவது இருந்தால், நீங்களும் நம்ம ஆள்தான். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இப்போது இடுப்பு வலி வந்து, ஆபீசில் விசா வேலையோடு நிறுத்திக்கொண்டேன். உடம்பு ஃபேனுக்கு அடியில் இருக்கிறது, மனசு அந்தக் குளிரை விட்டு வரமாட்டேன் என்கிறது. எத்தனையோ கூட்டத்தைக் கூட்டிப்போனேன். இந்த ஒரு கூட்டத்தை நினைத்தால்தான் ஏக்கமாக இருக்கிறது.

ஒரே ஒரு கேள்வி

டிக்கெட் போட வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, "அங்க சோறு கெடைக்குமா?" கோட்டைப்பட்டினம் சாகுல் பாய் அதைக் கேட்கவில்லை. மீன்பிடி படகுகளுக்கு ஐஸ் போடும் கம்பெனி வைத்திருந்தவர். பையன்கள் துபாயில் இருக்கிறார்கள், கம்பெனியை விற்றாச்சு. அந்தப் பனிப்பாறையைக் கையால் தொட முடியுமா என்று மட்டும் கேட்டார். நானும் பெரிய இவளாட்டம், "தாராளமா தொடலாம் பாய்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

பக்கத்தில் இருந்த பாயம்மாவுக்கு ஒரே எரிச்சல். ஆயுசு பூரா ஐஸிலேயே கிடந்த மனுசனுக்கு மறுபடியும் ஐஸா என்று தலையில் அடித்துக்கொண்டார். பாய் சிரித்தார்.

"மிசின்ல செஞ்சதத் தொட்டுத் தொட்டே கையி மரத்துப்போச்சு. அல்லா செஞ்சத ஒரு தடவ தொட்டுட்டு வந்துர்றேன் தங்கச்சி."

மே மாசத்தில் ஸ்வெட்டர்

கிளம்புவதற்கு முன்னால் எல்லாரையும் ஆபீசுக்கு வரவழைத்து, குளிர் உடுப்பைப் போட்டுப் பார்க்கச் சொல்வது என் வழக்கம். அங்கே போய் ஜிப் ஏறவில்லை என்றால் யார் பதில் சொல்வது? அன்றைக்குப் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. கீரமங்கலத்துப் பூ வியாபாரி தனலெட்சுமி அக்கா சேலைக்கு மேலே ஸ்வெட்டர், அதற்கு மேலே கோட்டு, கையுறை, குல்லா எல்லாம் மாட்டிக்கொண்டு நடு ஆபீசில் நின்றார். முகமெல்லாம் வேர்வை.

"ஏன் தாயி, அங்க போயி வெறச்சுச் சாகக் கூடாதுன்னு இங்கயே அவிச்சுக் கொல்றியே!"

காலண்டரில் பார்த்தது வேறே

ஐஸ்லாந்தில் முதல் பனிப்பாறை முன்னால் வேன் நின்றது. எல்லாரும் தலை சீவி, பவுடர் போட்டு, போட்டோவுக்குத் தயாராக இறங்கினார்கள். எதிரே கன்னங்கரேலென்று ஒரு மேடு. எரிமலைச் சாம்பல் படிந்தால் பனியும் அப்படித்தான் கறுத்துக் கிடக்கும். நான் தொண்டை வற்ற விளக்கினேன். ஒருத்தரும் நம்பவில்லை. என்னமோ நான்தான் கரியைப் பூசி வைத்த மாதிரி முறைத்தார்கள். தனலெட்சுமி அக்கா செல்போனைப் பைக்குள் போட்டார்.

"இதுக்கா இம்புட்டுத் தூரம்? எங்கூட்டுக்காரரு லாரி ஓட்டுற கல்குவாரி இத விட வெள்ளையா இருக்கும்!"

காலுக்கு இரும்பு

மறுநாள் பனிப்பாறை மேலேயே நடக்க வேண்டும். வழுக்காமல் இருக்க ஷூவுக்கு அடியில் இரும்புப் பல் வைத்த சட்டத்தைக் கட்டுவார்கள். அந்த ஊர் வழிகாட்டிப் பெண் குனிந்து, கந்தர்வக்கோட்டைச் சின்னத்தம்பி அண்ணன் காலைத் தூக்கி முழங்காலில் வைத்து வாரை இறுக்கினாள். அண்ணனுக்கு முந்திரிக் காடு, மாடு கன்று எல்லாம் உண்டு. கூச்சத்தில் நெளிந்தார்.

"எத்தன மாட்டுக்கு லாடம் கட்ட ஆள் கூட்டியாந்திருக்கேன். கடைசியில எனக்கே கட்டிப்புட்டாளே!"

வேனிலேயே உட்கார்ந்தவர்

அந்தப் பெண் பாயை மட்டும் இங்கிட்டும் அங்கிட்டும் நடக்கச் சொல்லிப் பார்த்தாள். முட்டி நடுங்கியது. முடியாது என்று சொல்லிவிட்டாள். கெஞ்சினேன், சண்டைகூடப் போட்டேன். அவள் சொன்னது நியாயம்தான், நடுவில் கால் மடங்கினால் தூக்கிவர முடியாது. ஆனால் வாக்குக் கொடுத்தவள் நானாச்சே! பாய் திரும்பி நடந்து வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

மேலே போகிறவர்கள், பல நூறு வருசத்துப் பனியாச்சே, டப்பாவில் ஒரு துண்டு எடுத்து வருகிறோம் என்று சொல்லிப் பார்த்தோம். பாய் தலையாட்டி மறுத்துவிட்டார்.

"வயசுல மூத்தவங்கள நாமதான் தேடிப்போயிப் பாக்கணும் தங்கச்சி. நம்ம இருக்க எடத்துக்கு வரச் சொல்லக் கூடாது."

மடை இல்லாத கம்மாய்

அடுத்த நாள் பனிப்பாறை உருகித் தேங்கிய ஏரி. கரையில் நின்றே பார்க்க வேண்டியதுதான். நடுவில் நீலம் நீலமாக ஐஸ் மிதந்தது. எல்லாரும் வாயைப் பிளந்து பார்த்தோம், சின்னத்தம்பி அண்ணன் மட்டும் கரையோரமாக எதையோ தேடி நடந்தார். இந்தத் தண்ணீர் எந்த ஊர் வயலுக்குப் பாய்கிறது என்று கேட்டார். எந்த வயலுக்கும் இல்லை, நேரே கடலுக்குத்தான் என்றேன். மனுசன் ஆடிப்போனார்.

"அடப்பாவிகளா! இம்புட்டுத் தண்ணிக்கு ஒரு மடை கூடவா வைக்கல?"

கடல் கொண்டுவந்து போட்டது

கடைசி நாள், கறுப்பு மணல் கடற்கரை. ஏரியிலிருந்து கடலுக்குப் போகும் ஐஸ் கட்டிகளை அலை திருப்பி மணலில் தள்ளிவிடுகிறது. மேடு பள்ளம் இல்லை. இதை விட்டால் விமானம்தான். நானும் சின்னத்தம்பி அண்ணனும் ஆளுக்கு ஒரு கையைப் பிடித்துக்கொண்டு, அலை எட்டாத இடமாகப் பார்த்துப் பாயை நடத்திப் போனோம். கன்றுக்குட்டி படுத்திருக்கிற அளவில் ஒரு கட்டி கிடந்தது. பாய் கையுறையைக் கழற்றினார். ஐஸ் கம்பெனிப் பழக்கத்தில் விரல் முட்டியால் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். அப்புறம் உள்ளங்கையை அதன் மேல் வைத்தவர் எடுக்கவே இல்லை. உதடு மட்டும் அசைந்தது. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. தனலெட்சுமி அக்காவும் மூக்கை உறிஞ்சினார், குளிராம்!

கிளம்பும்போது திடீரென்று வெயில் வந்தது. பாய் நாலு எட்டு வைத்துத் திரும்பிப் பார்த்தார். போர்த்தியிருந்த கம்பளியை உருவி, அந்தக் கட்டியின் மேல் விரித்து நாலு பக்கமும் செருகினார். படகுத்துறையில் ஐஸ் உருகாமல் இருக்கச் சாக்குப் போட்டு மூடுவார்களே, அதே மாதிரி. பாயம்மா பதறிப்போய், இந்தக் குளிரில் போர்த்தியிருந்ததை எடுத்து ஐஸுக்குப் போர்த்துவீங்களா, கிறுக்குப் பிடிச்சிருச்சா என்று சத்தம் போட்டார். நானும் சேர்ந்து திட்டினேன். பாய் வெறும் ஸ்வெட்டரோடு நடுங்கிக்கொண்டே சொன்னார்.

"நமக்குத்தான் புள்ள குளுருது. அதுக்கு வெயிலடிக்குதுல்ல!"

எங்கள் தொழிலில் கூட்டிப்போனவர்களை எப்பாடுபட்டாவது பத்திரமாக ஊர் கொண்டுவந்து சேர்த்துவிடலாம், அவர்களுக்குக் காட்டியதைத்தான் பத்திரமாக வைத்திருக்க வழி தெரியவில்லை.