குக்குறுவான் கூட்டுக்கு எதிரே

செம்மநத்தம் பக்கத்துக் காபி எஸ்டேட்டில் லூர்துசெல்வியின் வீட்டைத் தேட வேண்டியதில்லை. தொழிலாளர் லைன் வீடுகள் எல்லாம் காலியாகிவிட்டன, அடுப்பு எரிவது அங்கே மட்டும்தான். புருஷன் அருள்சாமி போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் ரொனால்ட் துபாயில். புதிதாக வேலைக்கு வந்த வடக்கத்திப் பிள்ளைகள் மேல்ஷெட்டில் தங்குகிறார்கள். அவர்கள் பேச்சு இவளுக்குப் புரியாது. இவளோ வாய் ஓயாதவள். இப்படிப்பட்டவளுக்குப் போய் இப்படியொரு தண்டனையா என்று எனக்கே கோபம் வரும்.

வீட்டுக்குப் பின்னால், பட்டுப்போன கல்யாண முருங்கையில் ஒரு குக்குறுவான் பறவை பொந்து குடைந்து முட்டையிட்டது. கோயம்புத்தூரிலிருந்து பறவை ஆராய்ச்சிக்கு வந்த ஷீனா எதிர்மரத்தில் கேமரா ஒன்றைக் கட்டினாள்.

"எது அசைஞ்சாலும் படம் எடுத்து என் செல்லுக்கு அனுப்பிடும்மா. குரங்கு பிடுங்காம பாத்துக்குங்க."

லூர்துசெல்வி முதலில் குரங்கை விரட்டத்தான் போனாள். அப்புறம் பறவை இரை தேடிப் போகும் நேரம் பார்த்து, கேமரா முன்னால் நின்று கையைத் தூக்க ஆரம்பித்தாள். அசைந்தால்தானே அது விழிக்கும்? ரொனால்ட் அனுப்பும் வீடியோவில் சத்தம் வருகிறது, இதிலும் போகும் என்று நம்பினாள்.

"கண்ணு, குஞ்சுக சத்தம் கேக்குது. நேத்து நொம்ப மழை, ஊடெல்லாம் ஒழுவுது. ரொனால்டு பேசியே நாளாச்சு, சாமி."

நேரில் ஷீனாவை நிமிர்ந்து பார்க்கவே கூச்சம், மேடம் என்பாள். கேமராவிடம் மட்டும்தான் கண்ணு, சாமியெல்லாம்.

குஞ்சுகள் பறந்தன. சனிக்கிழமை வந்து கேமராவைக் கழற்றிக்கொள்வதாக ஷீனா போன் செய்தாள். "சரிங்க மேடம்" என்று வைத்துவிட்டு, லூர்துசெல்வி நேரே மரத்தடிக்குப் போய்க் கையைத் தூக்கினாள்.

"கண்ணு, சனிக்கிழமை நம்மூட்டுலதான் சாப்பிடோணும். கோழி அடிக்கிறேன்."

இருந்த ஒரே கோழியையும் அடித்துவிட்டாள். காலையிலிருந்து வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்தாள்.

ஜீப் மத்தியானம் வந்தது. ஷீனா கேமராவை அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டாள்.

"வர்ற வழியில ஒண்டிக்கடையில சாப்பிட்ட பிரியாணி நெஞ்சுலயே நிக்குதும்மா."

லூர்துசெல்வி அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "ஏனுங்க மேடம், இதுல பேசுனா உங்களுக்குக் கேக்காதுங்களா?"

"இதுல சத்தம் வராதும்மா, வெறும் படம்தான். தினமும் கையைத் தூக்கி நிப்பீங்க, வாய் முணுமுணுக்கும். ஜெபம் பண்றீங்கன்னு புரிஞ்சுது. அடுத்தவங்க ஜெபத்தைப் பாக்கக் கூடாதுன்னு உடனே அழிச்சிருவேன்."

நல்ல பிள்ளைதான், குறை சொல்ல முடியாது. ஒரு வாய் சாப்பிட்டுப் போ கண்ணு என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். தொண்டை வரை வந்தது. எதிரே முகம் இருந்ததால் வெளியே வரவில்லை.

"ஆமாங்க மேடம். ஜெபந்தானுங்க."

ஜீப் கிளம்பியது. ஷீனா தலையை வெளியே நீட்டினாள். "எனக்காகவும் ஜெபம் பண்ணுங்கம்மா!"

லூர்துசெல்வி கையைத் தூக்கினாள். ஜீப் வளைவில் மறைந்த பிறகும் இறக்கவில்லை. "சாப்பிட்டுப் போ கண்ணு" என்றாள், அழுகையோடு.