மச்சானின் கார்பரேட்டர்

அந்தக் கார்பரேட்டர் குழந்தைகள் பனியன் அட்டைப்பெட்டி ஒன்றில் வந்து சேர்ந்தது. பெட்டியின் பக்கத்தில் சிரிக்கிற யானைக்குட்டி படம், அதற்குக் கீழே அளவு, ஆறு பீஸ் என்ற எழுத்து. எங்கள் ஊரில் தைத்து, எங்கள் ஊரில் மடித்து, மெட்ராசுக்குப் போன பெட்டி. அங்கே பழைய கார்ச் சாமான் விற்கும் ஒருவர் கையில் சிக்கி, பனியனுக்குப் பதிலாக உலோகத்தைச் சுமந்துகொண்டு திரும்பி வந்திருந்தது. "பாருங்க மச்சா, எக்ஸ்போர்ட் ரிஜெக்ட் ஆயித் திரும்பி வந்துருச்சு" என்றேன். என் அக்கா வீட்டுக்காரரான மச்சானுக்குக் காது கேட்காது. ஆனால் என் வாய் அசைவதைப் படித்துவிடுவார். "பேசுனது போதும், பிரி மாப்ள" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார். நான் வேண்டுமென்றே டேப்பை மெதுவாகக் கிழித்தேன்.

பெட்ரோலையும் காற்றையும் சரியான அளவில் கலந்து இன்ஜினுக்குள் அனுப்புகிற சாமான் அது. ஒரு சொம்பு அளவுதான் இருக்கும். ஆனால் வண்டியின் குணம் முழுக்க அதற்குள்தான். வந்தது புதுச் சாமான் இல்லை. மச்சானின் கார் செய்த காலத்தில் செய்தது, அதே அச்சு, அடியில் அதே நம்பர். பிரித்துக் கழுவி, தேய்ந்ததை மாற்றி, மறுபடி பூட்டி அனுப்பியிருந்தார்கள். மச்சான் அந்த நம்பரைச் சட்டை நுனியால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். இரண்டு வருஷம் தேடியது அந்த நம்பரைத்தான்.

மச்சான் நிட்டிங் ஆபரேட்டர், பனியன் துணி பின்னுகிற மிஷினை ஓட்டுபவர். நல்லூரில் ஒரு கம்பெனியில் பழைய மிஷின்களுக்கு நடுவே இருபது வருஷம் நின்றதில் காது போய்விட்டது. ஒரே நாளில் போகவில்லை. முதலில் குயில், பிறகு காலிங் பெல், பிறகு அக்கா. "அக்கா போனது மட்டும் லாபமுங்க மச்சா" என்று நான் சொல்வேன், அக்கா கரண்டியை எடுப்பாள். காதுக்கு ஒரு மிஷின் வாங்கிக் கொடுத்தார்கள். அதைப் போட்டால் எல்லாச் சத்தமும் ஒரே இரைச்சலாக வருகிறது என்று கழற்றி டிவி மேல் வைத்துவிட்டார்.

நிட்டிங் ஷெட்டுக்குள் யாரும் வாயால் பேசுவதில்லை. கையால்தான். உள்ளங்கையை விரித்துக் காட்டினால் எல்லாம் சரி, ஓடட்டும். ஆள்காட்டி விரலைக் கொக்கி மாதிரி வளைத்துக் காட்டினால் ஊசி போய்விட்டது, நிறுத்து. நிட்டிங் ஊசியின் முனை அப்படித்தான் வளைந்திருக்கும். அதில் ஒன்று உடைந்தாலும் துணியில் தலை முதல் கால் வரை ஒரு கோடு விழும், ரோல் முழுக்க வீண். அதனால் வளைத்த விரலைப் பார்த்தால் எந்த ஆபரேட்டரும் கேள்வி கேட்கமாட்டார், நிறுத்திவிடுவார். அக்கா வீட்டிலும் அதே பாஷைதான். சாம்பாரில் உப்பு குறைந்தால் மச்சான் விரலை வளைப்பார்.

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. பிறகு பைக் மெக்கானிக் ஆனேன். படிப்பு நின்றாலும் சேட்டை நிற்கவில்லை. காது கேட்காத ஒரு மச்சான் கிடைத்தால் என்னைப் போன்றவன் என்ன செய்வான்? சத்தமே இல்லாமல் வாயை மட்டும் அசைத்து ரொம்ப முக்கியமான விஷயம் பேசுவது போல நடிப்பேன். போன் அடிக்கிறது என்று ஓட வைப்பேன். தெருவில் பேண்டு வாத்தியம் போகிறது என்று வாசலுக்கு அனுப்புவேன். திரும்பி வந்து நூல் கோனை எடுத்து என் மேல் எறிவார், எறிந்துவிட்டு அவரே சிரிப்பார். ஒரு தடவைகூடக் கோபித்துக்கொண்டதில்லை. "இவன் ஒருத்தந்தான் எங்கிட்டப் பேசறக்கு மெனக்கெடறான்" என்று அக்காவிடம் சொன்னாராம். அதைக் கேட்ட அன்று ஒரு நாள் மட்டும் சேட்டை செய்யாமல் இருந்தேன்.

கார் அவருடையது ஆனது தனிக் கதை. மச்சானின் அப்பா அந்தக் கம்பெனியின் பழைய முதலாளிக்கு டிரைவராக இருந்தவர். பச்சை நிறம், ஸ்டியரிங் பக்கத்திலேயே கியர். வேலை பார்த்த காலம் முழுவதும் அந்த வண்டியை ஓட்டினார், துடைத்தார், பழுது பார்த்தார். ஆனால் பின் சீட்டில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. பெண்டாட்டி பிள்ளைகளையும் உட்கார வைத்ததில்லை. முதலாளியின் மகன் காலத்தில் வண்டி ஷெட்டு மூலையில் கிடந்து தூசியும் பஞ்சும் படிந்தது. இடம் வேண்டும் என்றபோது, "உங்கப்பா ஓட்டுனதுதானப்பா, எடுத்துட்டுப் போயிரு" என்று மச்சானிடமே கொடுத்துவிட்டார். நாங்கள் அதை ஓட வைத்தோம். இடையில் யாரோ ஒரு புண்ணியவான் ஜீப் கார்பரேட்டரை அதில் மாட்டியிருந்தான். அதோடேயே ஓடியது.

அப்போது பெரியவர், மச்சான் அய்யன் என்று கூப்பிடும் அவருடைய அப்பா, குன்னத்தூர்ப் பக்கம் மூத்த மகன் தோட்டத்தில் இருந்தார். கால் வீங்கி நடமாட்டம் குறைந்திருந்தது, காது மட்டும் பாம்புக் காது. மகனுக்குப் போனது எல்லாம் அப்பனிடம் சேர்ந்துவிட்டது என்று நான் சொல்வதுண்டு. அவரைப் பின் சீட்டில் உட்கார வைத்து ஊரைச் சுற்றிக் காட்ட வேண்டும், இதுதான் மச்சானுக்கு ஆசை. மச்சானால் ஹார்ன் சத்தம் கேட்க முடியாது என்பதால் நான்தான் ஓட்டினேன். வாசலில் நிறுத்தினோம். பெரியவர் கட்டிலில் உட்கார்ந்தபடி தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"யாரு வண்டி இது?"

"அதே வண்டிதானுங்க மாமா. நீங்க ஓட்டுனது" என்றேன்.

"வண்டி அதே வண்டிதான் கண்ணு. ஆனா இது அதும்பட சத்தமில்ல. அந்த வண்டி ஊத்துக்குளி ரயில்வே கேட்டுல நிக்கறப்ப, பின்னாடியிருந்து மொதலாளி கேப்பாரு, ஏப்பா, வண்டிய ஆப் பண்ணிட்டியான்னு. இல்லீங்க, ஓடுதுங்கன்னு சொல்லுவேன். இதென்ன, நெல்லு மிஷினாட்டம்."

ஏற மாட்டேன் என்றுவிட்டார். பிடிவாதம் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆயுசில் ஒரு தடவை பின் சீட்டில் உட்காரப் போகிற மனிதன், தன் வண்டியில்தானே உட்கார நினைப்பார். மச்சான் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு சொல் விடாமல் படித்திருப்பார். திரும்பி வந்தோம். வீட்டு வாசலில் இறங்கும்போது, "அதே கார்பரேட்டரப் புடிக்கோணும் மாப்ள" என்றார்.

பிடித்துவிட்டோம். யானைக்குட்டிப் பெட்டி வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, எங்கள் பட்டறைக்குப் பின்னால் உள்ள காலி இடத்தில் வண்டியை நிறுத்திக் காலை ஆறரைக்கே ஆரம்பித்தோம். பெட்ரோல் குழாயைக் கழற்றி, ஜீப் கார்பரேட்டரையும் அதை உட்கார வைத்திருந்த இரும்புத் தட்டையும் எடுத்தேன். திறந்த ஓட்டைக்குள் நட்டு விழாமல் இருக்க பனியன் வேஸ்ட் துணியை உருட்டி அடைத்தேன். எங்கள் ஊரில் பஞ்சம் வராத பொருள் அது ஒன்றுதான். மச்சான் கேஸ்கெட் அட்டையை வைத்தார், நான் கார்பரேட்டரை இறக்கினேன். இரண்டு நட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினார். ஒரே பக்கமாக முடுக்கினால் கோணிக்கொள்ளும். சோக் கம்பி, ஆக்சிலேட்டர் கம்பி எல்லாம் அதனதன் இடத்தில் தானாகப் போய் உட்கார்ந்தன. அடித்து வளைக்க வேண்டிய வேலையே இல்லை. மச்சான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். வேலை முடிந்ததும் அப்படியே குன்னத்தூர் போவது என்று திட்டம்.

ஸ்டார்ட் செய்தேன். இருமியது, நின்றது, மறுபடி பிடித்தது. இனி கலவையைச் சரி செய்ய வேண்டும். அதற்குக் காது வேண்டும். மச்சான் திருப்புளியோடு குனிந்து ஸ்க்ரூவைக் கால் சுற்று திருப்புவார், நிமிர்ந்து என் முகத்தைப் பார்ப்பார். நான் கேட்டுவிட்டு விரலை வளைப்பேன். மறுபடி குனிவார். அவருடைய ஒரு கை மட்கார்டு மேலேயே இருந்தது. வண்டி அதிர்வது அந்தக் கைக்குத் தெரியும். அது எப்படிப் பாடுகிறது என்பது தெரியாது. அதற்கு நான்தான்.

பத்து மணி வாக்கில் அது நடந்தது. கால் சுற்றில் பாதிதான் திருப்பியிருப்பார். இன்ஜின் சட்டென்று அடங்கியது. நின்றுவிட்டது என்றே நினைத்தேன். எட்டிப் பார்த்தால் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்து முருங்கை மரத்தில் அணில் கத்துவது கேட்டது. மச்சான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

என் கூட்டாளிகள் மூன்று பைக்கில் உடுமலைப் பக்கம் அணைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். மீன் வறுவல், குளியல். பதினொரு மணிக்குள் வந்தால் கூட்டிப் போவதாகச் சொல்லியிருந்தார்கள். குன்னத்தூர் போனால் அந்த நாள் முழுக்கப் போய்விடும். இது ஒரு காரணம். இன்னொரு காரணம், அவர் முகம். அவ்வளவு ஆவலான முகத்தைப் பார்த்தால் சீண்டாமல் இருக்க எனக்குத் தெரியாது. அடுத்த ஞாயிறு, 'போன வாரமே சரியாத்தான் இருந்துச்சு மச்சா' என்று சொன்னால் எதை எடுத்து எறிவார் என்று யோசித்துச் சிரிப்புக்கூட வந்தது.

விரலை வளைத்துக் காட்டினேன்.

அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. கை நீட்டி வண்டியை நிறுத்தினார். "அடுத்த வாரம் பாக்கலாம் மாப்ள. அரைகொறையா அய்யங்கிட்டக் கொண்டுபோயி நிக்கக் கூடாது" என்றார். வெள்ளைச் சட்டையைக் கழற்றி மடித்துப் பின் சீட்டில் வைத்தார். நான் அணைக்குப் போனேன். மீன் நன்றாகத்தான் இருந்தது.

புதன்கிழமை மதியம் பட்டறைக்கு அக்கா போன் செய்தாள். பெரியவர் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

அந்த நேரத்துக்கு வேறு வண்டி கிடைக்கவில்லை. பச்சைக் காரையே எடுத்தேன். மச்சான் முன்னால், அக்கா பின்னால். ஊத்துக்குளி தாண்டி ஒரு வளைவில் ஆட்டு மந்தை குறுக்கே போனது. நிறுத்திக் காத்திருந்தேன். பின்னாலிருந்து அக்கா அழுத குரலில் கேட்டாள்.

"ஏன்டா, வண்டிய ஆப் பண்ணிட்டியா?"

கண்ணாடியில் அவளைப் பார்த்து இல்லை என்று தலையை ஆட்டினேன். யாருடைய கேள்வியைக் கேட்டோம் என்று அவளுக்குத் தெரியாது. பக்கத்தில் மச்சான் ஆடுகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த வார்த்தைகள் அவர் தோளுக்குப் பின்னால் ஒரு முழ தூரத்தில்தான் சொல்லப்பட்டன.

காரியம் முடிந்து மூன்றாம் நாள் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அவர் எதிரே போய் உட்கார்ந்தேன். அவர் என் வாயைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தபடி அவரே பேச ஆரம்பித்தார். "அன்னிக்கு ஞாயித்துக்கெழம நீயி எம்மனசு நோகக் கூடாதுன்னு சரின்னு சொல்லியிருக்கலாம் மாப்ள. வேறெவனா இருந்தாலும் சொல்லியிருப்பான். நாம்பாட்டுக்குக் கொண்டுபோயி நிறுத்தியிருப்பேன். அய்யன் ரெண்டாந் தடவையும் மூஞ்சியத் திருப்பியிருப்பாரு. அந்த மொகத்தோட அவரு போயிருந்தா நான் என்ன பண்ணுவேன்? வெளையாட்டுப் பையன்னு உன்னைய எல்லாருஞ் சொல்றாங்க. நீதான் நெசத்தச் சொன்னே." சொல்லிவிட்டு என் தொடையில் தட்டினார்.

அன்று இரண்டு வழி இருந்தது. வாயைத் திறந்திருந்தால் என் பாரம் இறங்கியிருக்கும், அவர் கையில் இருந்த ஒரே ஆறுதல் பிடுங்கப்பட்டிருக்கும். எது சரி என்று இப்போதும் எனக்குத் தெரியாது. அக்காவிடம் மட்டும் சொன்னேன். அவள் என்னை அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். "அவருகிட்டச் சொல்லிப்போடாத" என்றாள். அதன் பிறகு ஒரு மாதம் எனக்குச் சோறு போட்டாள், முகத்தைப் பார்க்கவில்லை.

அது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. சேட்டை செய்வதைச் சுத்தமாக விட்டுவிட்டேன் என்று எழுத ஆசை, ஆனால் பொய். பட்டறையில் எல்லோரையும் சீண்டிக்கொண்டுதான் இருக்கிறேன். மச்சானிடம் மட்டும் முடிவதில்லை. அவர்தான் இப்போது என்னைச் சீண்டிப் பார்க்கிறார். "என்ன மாப்ள, பேண்டு வாத்தியம் ஒண்ணும் வரலியா தெருவுல?" என்பார். நான் சிரித்து வைப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மச்சான் வண்டியைத் தள்ளச் சொல்லிப் பட்டறைக்குப் பின்னால் நிறுத்துவார், திருப்புளியை எடுப்பார். எப்போதோ சரியாகிவிட்ட ஒன்றை வாராவாரம் கெடுப்பார். அவர் டீ குடிக்கப் போகும் நேரத்தில் நான் திருப்பி வைப்பேன். "நல்லாத்தானுங்க ஓடுது" என்று அக்கா சொன்னால், "உனக்கென்ன தெரியும், மாப்ளைக்குத்தான் காது" என்று கையை உதறுவார்.

இத்தனை நாளும் விரலையே வளைத்துக் காட்டியவன், போன ஞாயிறு முடிவு செய்துகொண்டு போனேன். இன்ஜின் அன்று மாதிரியே அடங்கி ஓடியது. மச்சான் நிமிர்ந்து பார்த்தார். தலைமுடி முழுக்க நரைத்துவிட்டது. நான் உள்ளங்கையை நன்றாக விரித்துக் காட்டினேன். வாயாலும் சொன்னேன், "சரியா இருக்குதுங்க மச்சா. ரொம்பச் சரியா இருக்குது."

அவர் கை மட்கார்டு மேலேயே இருந்தது. என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மெதுவாகத் தலையை ஆட்டினார்.

"எனக்காகச் சொல்லாத மாப்ள. அன்னிக்குச் சொன்னயே, அதாட்டம் நெசத்தச் சொல்லு."

வண்டி ஓடிக்கொண்டிருந்தது. ஓடுவதே தெரியவில்லை. அவர் காத்திருந்தார். நான் கையை மடக்கினேன், ஆள்காட்டி விரலை மட்டும் நீட்டி, கொக்கியாக வளைத்துக் காட்டினேன். அவர் முகம் தெளிந்தது. "அதான பாத்தேன்" என்று சொல்லிவிட்டுத் திருப்புளியோடு மறுபடி குனிந்தார்.