வேறு ஒருவர் பார்க்க வேண்டும்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் நீங்கள் ஒருமுறையாவது அவரிடம் நாடி பார்க்கக் கை நீட்டியிருப்பீர்கள்.

அக்கா கொச்சி மட்டாஞ்சேரியில் பிறந்தார். அப்பா அங்கே யூதர் தெருவான ஜூ டவுனில் மிளகுக் கிடங்கில் எடை போடும் வேலையில் இருந்தார். அந்த வருமானத்தில் மகளை நர்ஸ் படிப்புக்கு அனுப்பியது பெரிய காரியம். எழுபதுகளின் தொடக்கத்தில் அக்கா வேலையில் சேர்ந்தார். யார் என்ன நோவு என்றாலும் அவருடைய முதல் கேள்வி, "எப்ப முதல் இப்படி?" என்பதுதான். சாம்பாரில் உப்பு கூடிவிட்டது என்றாலும் அதையே கேட்பார். நாங்கள் கேலி செய்து அலுத்துவிட்டோம்.

ஒருமுறை அப்பா வாந்திபேதி கண்டு அக்காவின் வார்டிலேயே சேர்ந்தார். டாக்டர் சொன்னபடி டிரிப் ஏறிக்கொண்டிருந்தது. மதியம் இருமல் தொடங்கி, படுக்க முடியாமல் மூச்சு வாங்கியது. டிரிப் அதிகமாகிவிட்டதோ என்று அக்காவுக்குச் சந்தேகம். நிறுத்தினால் உடம்பு வற்றிப்போகும். ஓடவிட்டால் நெஞ்சில் நீர் கோக்கும். வேறு நோயாளி என்றால் அவர் தயங்கியிருக்க மாட்டார். அன்று பக்கத்து வார்டுக்கு ஓடி, மூத்த நர்ஸ் ஏலியம்மா சேச்சியை அழைத்து வந்தார்.

"மோளே, நீ மாறி நில்லு. ஞான் நோக்காம்," என்று அக்காவை விலக்கிவிட்டுத் தானே பார்க்க வந்தார் சேச்சி. அப்பாவை நிமிர்த்தி உட்கார வைத்து, முதுகில் காது வைத்துக் கேட்டு, டிரிப்பைக் குறைத்துவிட்டு டாக்டருக்கு ஆள் அனுப்பினார். டாக்டர் வந்து அதை நிறுத்தவே சொன்னார். மாலைக்குள் அப்பாவுக்கு மூச்சு சீரானது.

அம்மாவுக்கு மட்டும் ஆத்திரம் அடங்கவில்லை. "பெத்த அப்பாவைப் பாக்க வேற ஆளா? இதுக்கா உன்னைப் படிக்க வெச்சோம்?"

"நான் பாத்தா மகளாத்தான் பாப்பேன் அம்மா. எனக்கு அந்த ஊசியைப் பிடுங்கிப் போடணும்னுதான் இருந்தது. அது நர்ஸோட யோசனையா, மகளோட யோசனையான்னு எனக்கே தெரியல."

சென்ற ஆண்டு அக்கா படுத்த படுக்கையானபோது, இன்னொரு ஆபரேஷனா, வீட்டுக்கு அழைத்துப் போவதா என்று எங்களுக்குள் வாக்குவாதம். டாக்டர் முடிவை எங்களிடமே விட்டிருந்தார். நான் சேச்சியை அழைத்து வந்தேன். அவர் அக்காவின் கையைப் பிடித்தபடி பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்னைக் கேக்கண்டா மோனே. நான் இப்ப நர்ஸ் இல்ல," என்று அழுதுவிட்டார்.

அப்போது பணிக்கு வந்த இளம் நர்ஸ் ஒருவர் அக்காவின் பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு எங்களிடம் திரும்பினார். "எப்ப முதல் இப்படி?"

கண் மூடிக் கிடந்த அக்காவின் உதடு லேசாகச் சிரித்தது. அந்தப் பெண் எல்லாம் கேட்டுக்கொண்டு, இனி ஆபரேஷன் வலியைத்தான் கூட்டும், வீட்டுக்குக் கொண்டு போங்கள் என்றார். சுள்ளிக்கல்லில் உள்ள வீட்டில், எங்கள் நடுவில், அக்கா அமைதியாகப் போனார்.

தோள் கொடுத்த அயலாருக்கும், சேச்சிக்கும், நாங்கள் பெயர் கேட்க மறந்த அந்த நர்ஸுக்கும் எங்கள் நன்றி. முதல் பிரதியை அந்த நர்ஸிடமே கொடுக்கப் போகிறோம். அவருக்கும் சேச்சிக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது. படித்துச் சொல்ல என்னால் முடியாது. அழாமல் படிக்க வேறு ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.