குகனின் எல் கமினோவில் என் றப்பர் விரிப்பு

மெழுகு வாசம்... காரை மினுக்குகிற மெழுகு. அதோடு கொஞ்சம் பெற்றோல் வாசம், பக்கத்து வீட்டில் தாளிக்கிற கறிவேப்பிலை வாசம். ஊரைவிட்டு இந்தப் பனி நாட்டுக்கு வந்து மல்வேர்னில் நாங்கள் இருந்த ரவுன்ஹவுஸ் வரிசையில் கோடைகாலத்துச் சனிக்கிழமை என்றால் இதுதான்.

என்னிடம் ஒரு ரஞ்செரோ இருந்தது. எதிர்வீட்டுக் குகனிடம் ஒரு எல் கமினோ. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்... இரண்டும் முன்னால் பார்த்தால் கார், பின்னால் பார்த்தால் திறந்த பின்தட்டு வைத்த பிக்கப். கிட்டத்தட்ட எங்கள் வயதுதான் அவற்றுக்கும். என்னுடையது நீலம், அவனுடையது சிவப்பு. எது வடிவு என்று அந்த வரிசையில் யாரைக் கேட்டாலும் நீலம் என்றுதான் சொல்வார்கள். குகனை மட்டும் கேட்காதீர்கள்.

நான் மன்னார், வேதக்காரன். அவன் மட்டக்களப்பு, சைவம். அதில் எங்களுக்குள் ஒரு பிரச்சினையும் வந்ததில்லை. பிரச்சினை எல்லாம் பம்பரில்தான். நான் பம்பருக்குப் புதிதாகக் குரோம் பூசினால் அடுத்த கிழமை அவனுடையதும் மினுங்கும்.

பனி முடிந்து, நல்ல மழை ஒன்று வந்து பனி உருக்க றோட்டில் கொட்டின, தகரத்தைத் தின்கிற உப்பைக் கழுவும் வரைக்கும் இரண்டு பேரும் வாகனத்தை வெளியே எடுக்க மாட்டோம். யார் முதலில் எடுக்கிறது என்று யன்னலால் ஆளையாள் பார்த்துக்கொண்டு நிற்போம்.

"என்ன மச்சான், உன்ட ரஞ்செரோ இன்னும் நித்திரையா?" என்பான்.

"சிங்கம் ஆறுதலாத்தான் எழும்பும்," என்பேன்.

அந்த வருஷம் அந்தோனியார் திருநாளுக்கு அவருடைய சுருவத்தை, அதுதான் சிலையை, வாகனத்தில் வைத்து ஊர்வலம் போவது என்று கோயில் கமிற்றி முடிவெடுத்தது. உயரம் குறைந்த வாகனம் என்றால் வயதானவர்களும் எட்டித் தொட்டுக் கும்பிடலாம். என்னைத்தான் கேட்பார்கள் என்று நான் இருந்தேன். என் கோயில், என் திருநாள். குகன் என்ன செய்தான்... கமிற்றித் தலைவர் இஞ்ஞாசி அங்கிளிடம் போய், "எனக்கும் ஒரு சான்ஸ் தாங்க அங்கிள்" என்று நின்றான்.

அங்கிள் சிரித்துப்போட்டு ஒரு போட்டி வைத்தார். பின்தட்டில் ஒரு பேசின் நிறையத் தண்ணீர். சனம் நடக்கிற வேகத்தில் கோயில் பார்க்கிங்கை ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். யாருடைய தண்ணீர் குறைவாகச் சிந்துகிறதோ அவருக்குத்தான் சுருவம்.

அந்தப் பெரிய எஞ்சினை நடை வேகத்தில் பிடித்து வைத்திருப்பது லேசான வேலை இல்லை. கடைசி வளைவில் என் பேசின் தளம்பிவிட்டது. குகன் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. இரண்டு நாளாக அவனோடு நான் கதைக்கவில்லை.

திருநாள் அன்று விடிய எழும்பி வாகனத்தைத் தேய்த்திருக்கிறான். வெளிப்பக்கம் மட்டும் என்றால் பரவாயில்லை. பின்தட்டின் உள்பக்கத்துக்கும் மெழுகு பூசி, முகம் பார்க்கிற மாதிரி வைத்திருந்தான். எங்களைப் போல விசரருக்குத்தான் அந்தப் புத்தி வரும். சுருவத்தைப் பீடத்தோடு ஏற்றி, அவன் மெல்ல எடுத்ததுதான் தாமதம்... பீடம் வழுக்கிக்கொண்டு பின்னுக்கு வந்தது. நின்றவர்கள் பாய்ந்து பிடித்தார்கள்.

இஞ்ஞாசி அங்கிள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"ஜெறாட், நேரம் போகுது. உம்மடை வாகனத்தைக் கொண்டு வாரும்."

இதைத்தானே நான் ஆசைப்பட்டது. வாகனத் திறப்பும் கையில்தான் இருந்தது.

அப்போதுதான் குகனின் மனைவி வசந்தியைக் கண்டேன். வெறுங்காலோடு, ஒரு கையில் மெழுகுதிரி, மற்றக் கையில் மகள்.

"பிள்ளைக்கு ஒப்பரேஷன் நல்லா முடிஞ்சா அந்தோனியாரை எங்கட வாகனத்துல கொண்டுபோறன் எண்டு நேந்தனான் அண்ணா," என்றா.

குகன் இதைப்பற்றி என்னிடம் மூச்சே விடவில்லை. சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே விட்டுக்கொடுத்திருப்பேன் என்று அவனுக்குத் தெரியும். விட்டுக்கொடுத்து வாங்குவது அவனுக்கு வேண்டாம். என்னை வென்றுதான் எடுக்க வேண்டும்... அப்படிப்பட்ட ஆள்.

நான் போய் என் ரஞ்செரோவின் பின்தட்டில் கிடந்த றப்பர் விரிப்பை இழுத்து எடுத்தேன். அமெரிக்காவில் இருந்து எடுப்பித்த விரிப்பு. சப்பாத்தோடு ஒருவரையும் மிதிக்க விடமாட்டேன். குகனுடைய தட்டு கொஞ்சம் ஒடுக்கம், விரிப்பின் கரை மடிந்து நின்றது. சமையல் நடந்த கோயில் குசினிப் பக்கம் கத்தி ஒன்று வாங்கி வெட்டினேன். அவசரத்தில் வெட்டு கோணலாகப் போய்விட்டது.

"மச்சான், வெட்டாத," என்று குகன் கையைப் பிடித்தான்.

"விடடா. சுருவம் விழுந்தா உன்ரை வாகனத்துக்குத்தான் வெட்கம்."

சுருவம் அசையாமல் போனது. சனம் எல்லாம் அந்தோனியாரைப் பார்த்துக்கொண்டு நடந்தது. நான் விரிப்பைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். பொய் சொல்லக் கூடாது, நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது.

இப்போது இரண்டு பேரும் வீடு மாறி, நான் மில்லிக்கனில், அவன் அஜக்ஸில். யன்னலால் பார்க்க வழியில்லை. நல்ல மழை பெய்தால் வட்ஸ்அப்பில் சிவப்பு எல் கமினோவின் படம் வரும், "நான் எடுத்திட்டன்" என்று. கோயிலில் இப்போது ஊர்வலத்துக்கு வாகனத்தில் கொழுவி இழுக்கிற வாடகை றெயிலர். எல்லாம் வசதிதான். பேசின் தண்ணீருக்குத்தான் வேலை இல்லை.

போன மாதம் ஒரு பழைய வாகனக் கண்காட்சிக்கு இரண்டு பேரும் போனோம். நடுவர் எல் கமினோவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பின்தட்டில் மங்கிப்போய்க் கிடந்த கோணல் விரிப்பைக் காட்டி, இதுதான் உன் புள்ளியைக் குறைக்கிறது, எடுத்துவிட்டால் உன்னுடையதுதான் முதலாவது என்றார். அது அங்கேதான் கிடக்கும் என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டான் குகன்.

முதல் கப் எனக்கு. அவனுக்கு இரண்டாவது.

ஒரு காலத்தில் என்னை வெல்லுவதற்காகத் தட்டின் உள்பக்கத்துக்கும் மெழுகு பூசினவன்... கப்பைக் கையில் வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தேன். எனக்குப் பெருமையாக இருந்தது. கப்பால் இல்லை.

வெளிக்கிடும்போது சும்மா சீண்டினேன். "விரிப்பை எடுத்திருந்தா வெண்டிருப்பாய் எல்லோ?"

"அடுத்த முறை எடுக்கட்டா?" என்றான்.

"எடுத்துப் பார். பிறகு என்ரை வீட்டு வாசலை மிதிக்காதை."