சாம்பல் சுவருக்குத் தண்ணீர்

கலவையைக் குழைத்து முடித்ததும் பஞ்சம்மாள் மண்வெட்டி முனையால் நடுவே ஒரு கீறல் போடுவாள். கீறலின் இரு கரையும் சரியாமல் நிற்க வேண்டும். சரிந்துவிட்டால், கொத்தனார் கேட்கும் முன்னே தன்னைத்தானே திட்டிக்கொள்வாள்: "தூ, இதெல்லாம் ஒரு கலவையா? கஞ்சி!"

கம்பம் ஊரில் கர்ணன் கொத்தனாரிடம் அவள் பதினெட்டு வருஷமாகச் சித்தாள். மணலை நாக்கில் வைத்தே வண்டல் கலந்ததா என்று சொல்லிவிடுவாள். சாரத்தின் மேலிருந்து "பஞ்சம்மா, கலவை!" என்று அவர் குரல் கொடுக்கும்போது சட்டி ஏற்கெனவே அவள் தலையில் இருக்கும். வேறு மேஸ்திரிகள் கூப்பிட்டும் அவள் போகாததற்கு அந்தக் குரல்தான் காரணம்.

போன ஐப்பசியில் ஆற்றில் வெள்ளம். மணல் வண்டி இறங்க வழியில்லை. அரிசி ஆலையில் சாம்பல் அள்ளிக்கொண்டிருந்த சங்கிலியம்மாள் அப்போதுதான் வேலைக்கு வந்து சேர்ந்தாள். உலைச் சாம்பலைச் சலித்து, கையிருப்பு மணலில் மூன்று சட்டிக்கு ஒரு சட்டி என்று கலந்து கொடுத்தாள். கர்ணன் கரண்டியால் இழுத்துப் பார்த்து, "அடேயப்பா, என்னமா இழுபடுது!" என்றார். வெள்ளம் வடிந்த பிறகும் சாம்பல் போகவில்லை. சாரத்திலிருந்து வரும் குரல்தான் மாறிவிட்டது: "சங்கிலி, கலவை!"

பஞ்சம்மாளுக்கு வயிறு எரிந்தது. "சாம்பல வச்சுச் சட்டி வெளக்கலாம், பல்லு வெளக்கலாம். செவரு கட்டுவாகளாக்கும்?" என்று செங்கல்லிடம் கேட்பாள். வேலை முடிந்து போகும்போது சாம்பல் பூச்சை நகத்தால் சுரண்டிப் பார்ப்பாள். உதிராது. நகம்தான் தேயும். அன்றைக்குச் சோறு இறங்காது.

சித்திரையில், திராட்சை வியாபாரி சங்கரலிங்கத்தின் சரக்குக் கிட்டங்கிக்குப் பூச்சு முடிந்த மறுநாள், பஞ்சம்மாளைத் தவிர எல்லாரும் வீரபாண்டித் திருவிழாவுக்குக் கிளம்பினார்கள். சங்கிலியம்மாள் அக்கினிச்சட்டி எடுக்க நேர்ந்திருந்தாள். "யக்கா, மூணு நாளைக்குச் செவத்துக்குத் தண்ணி மட்டும் ஊத்திரு. சாம்பச் செவரு, வெயிலுக்குப் பொசுக்குன்னு குடிச்சிரும். காயவிட்டா வெடிச்சிரும்க்கா." பஞ்சம்மாள் தலையை மட்டும் ஆட்டினாள்.

வெடிக்கட்டுமே! வெடித்தால் சாம்பல் போகும், சங்கிலி போவாள், பழைய குரல் திரும்பி வரும். முதல் நாள் அவள் வீட்டைவிட்டு அசையவில்லை. மறுநாள் உச்சி வெயிலில், எத்தனை வெடிப்பு என்று பார்க்கத்தான் போனாள். சுவர் வெளுத்துக் கிடந்தது. தொட்டால் சுட்டது. ஜன்னல் மூலையில் தலைமுடி கனத்தில் ஒரே ஒரு வெடிப்பு ஓடத் தொடங்கியிருந்தது.

சுற்றுமுற்றும் பார்த்தாள். யாருமில்லை. தொட்டியில் குடத்தை முக்கி மொண்டு, சுவரில் விசிறி அடித்தாள்.

"குடிடி சிறுக்கி, குடிச்சுத் தொலை!"

ஏழெட்டுக் குடம் ஊற்றியும் ஆத்திரம் தீரவில்லை. மூச்சு வாங்க உட்கார்ந்தவள், பர்மிட்டில் அளந்து வாங்கிய சிமெண்டு மூட்டையிலிருந்து ஒரு சிட்டிகையும், சங்கிலி சலித்து வைத்திருந்த சாம்பலில் ஒரு சிட்டிகையும் எடுத்து உள்ளங்கையில் குழைத்தாள். நடுவே நகத்தால் ஒரு கீறல் போட்டாள். நின்றது. அந்தத் தேய்ந்த நகத்தாலேயே அதை வழித்தெடுத்து, வெடிப்புக்குள் அழுத்தித் தேய்த்தாள்.