வேர் விட்டதென்று சொன்னேன்

போத்தலுக்குள் பிடித்த பூஞ்சணத்தை வேர் என்று நினைத்து, ஆய்வுகூடத்தையே கூப்பிட்டுக் காட்டிய மடையன் நான். மூக்குக்கண்ணாடியை மேசையில் கழற்றி வைத்துவிட்டு ஆராய்ச்சி செய்கிறவன் கிளிநொச்சியில் வேறு ஒருவனும் இருக்கமாட்டான்.

போத்தலில் இருந்தது, வேர் பிடிக்கட்டும் என்று சத்து ஜெலியில் நட்டு வைத்த முதிரை மரத்துளிர். காடுகளில் நல்ல முதிரையைத் கட்டில், மேசை என்று தளபாடத்துக்காகத் தறித்துத் தீர்த்துவிட்டார்கள். ஜெயபுரத்தில் ஓர் அக்காவின் வளவில் நின்ற கிழட்டு மரம் மட்டும் தப்பியிருந்தது. உடம்பெல்லாம் ஷெல் துண்டு. மரம் அறுக்கிற வாள் உடையும் என்று மரக்காலைக்காரர் சீண்டவில்லை. சண்டைக் காலத்தில் அக்கா அதற்குப் பின்னால் குந்தியிருந்தார். அவருக்கு வந்ததை மரம் வாங்கிக்கொண்டது.

இப்போது அது பாதி பட்டு, கூரைக்கு மேலே சாய்ந்து நின்றது. மாரிக்கு முன்னம் தறிக்கவேண்டும் என்று மருமகன் நச்சரித்தார். "அதுக்கொரு பிள்ளை வரட்டும், பிறகு தறியுங்கோ" என்று அக்கா மறித்து வைத்திருந்தார். அதனால் துளிர் வெட்டப் போன எனக்கு மாப்பிள்ளை உபசாரம்.

"தம்பி, இந்த நகத்தளவு துண்டில மரம் வருமோ?"

"மரமோ? காடே வரும். நீங்கள் வளவைப் பெருப்பியுங்கோ அக்கா."

"அதின்ர உடம்பிலயும் இரும்பு இருக்குமோ?"

"சீச்சீ, அது சுத்தமாப் பிறக்கும்."

துளிர்கள் ஒவ்வொன்றாய் ஜெலிக்குள் கறுத்துச் செத்தன. மிஞ்சிய ஒன்றின் அடியில் வெள்ளை நூல்களைக் கண்ட காலையில், முதலில் அக்காவுக்குத்தான் ஃபோன் எடுத்தேன். "வேர் விட்டிட்டுது அக்கா! பேர் யோசியுங்கோ!" அவர் அழுவது கேட்டது.

பிறகுதான் எங்கள் பொறுப்பாளர் போத்தலைத் தூக்கிப் பார்த்தார். "இது பூஞ்சணம். கண்ணாடியைப் போடும் ஐசே."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அக்காவிடம் நேரில் போய், பகிடியோடு பகிடியாகச் சொல்லி, புதுத் துளிரும் வெட்டி வரலாம் என்றிருந்தேன்.

போனபோது வளவில் வெய்யில் அடித்தது. மரம் நின்ற இடத்தில் அடிக்கட்டை மட்டும். அக்கா வந்து முதலில் என் கைகளைத்தான் பார்த்தார்.

"முதிரைக் கண்டு எங்க தம்பி? நீங்கள் சொன்ன பிறகுதான் தறிக்கச் சொல்லி மருமகனுக்கு ஓமெண்டனான்."

சொன்னேன். வாயாடியான எனக்கு அதைச் சொல்லி முடிக்க வெகுநேரம் எடுத்தது. அக்கா குனிந்து அடிக்கட்டையில் கிடந்த மரத்தூளைத் தட்டினார். அதைப் பார்க்கத் தாங்காமல், "அடிக்கட்டையில சிலவேளை திரும்பத் துளிர்க்கும் அக்கா" என்றேன்.

"துளிர்த்தா உங்களுக்குச் சொல்லமாட்டன்."