கேரம் போர்டில் முத்திரை குத்தியவர்

செவ்வாய்க்கிழமை காலை, ஆவடி தாண்டி ரயிலில் போய்க்கொண்டிருந்தபோது எங்கள் வாசகர் வட்ட வாட்ஸ்அப் குழுவில் இரண்டு செய்திகள் வந்தன. நூலகர் கலைச்செல்வி மாரடைப்பால் காலமானார் என்பது முதலாவது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை நூலகத்தில் நடக்கவிருந்த விளையாட்டு நாள் ரத்து என்பது இரண்டாவது. முதல் செய்திக்கு அழுதேன். இரண்டாவதைப் படித்ததும் அழுகை நின்று ஆத்திரம் வந்தது.

அந்த ஒரு நாளுக்காகக் கலைச்செல்வி அக்கா எத்தனை பேரிடம் மல்லுக்கட்டினார் என்று பட்டாபிராம்காரர்களான உங்களுக்குத் தெரியும். எங்கள் வட்டத் தலைவர் சுந்தரமூர்த்தி சார், தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கூட்டத்திலேயே கேட்டார்: "விளையாட வர்றவங்க புத்தகம் எடுப்பாங்கன்னு என்ன நிச்சயம்?" கண்டிப்பாக எடுப்பார்கள் என்று நாங்கள் சமாளிக்கப் பார்த்தோம். அக்கா அப்படிப் பூசி மெழுகவில்லை. "எடுக்கலைன்னா இன்னா சார் இப்போ? ஃபிளாட்டுல கீறவங்களுக்கும் குவார்ட்டர்ஸ்ல கீறவங்களுக்கும் ஒருத்தர் மூஞ்சி ஒருத்தருக்குத் தெரியாது. ஒரு நாள் ஒண்ணா குந்தி ஆடிட்டுப் போகட்டும்" என்றார்.

நாங்கள் கொடுத்த கேரம் போர்டு, சதுரங்கம், என் வீட்டு வீடியோ கேம் பெட்டி எல்லாவற்றையும் புத்தகங்களைப் போலவே இருப்புப் பதிவேட்டில் ஏற்றி எண் போட்டார். கையோடு நூலக முத்திரையும் குத்தினார், கேரம் போர்டில் நட்டநடுவில். மை காய்வதற்குள் ஆடிப்பார்க்க உட்கார்ந்துவிட்டோம். வெள்ளைக் காய்களெல்லாம் ஊதாவாகிவிட்டன, எங்கள் விரல்களும்தான்.

"ஓரமா குத்தியிருக்கலாமே அக்கா?"

"ஓரமா குத்தினா யார் கண்ணுலயும் படாது. யார் ஊட்டு போர்டோன்னு தூக்கி வெளிய வெச்சுடுவாங்க. இப்ப பதிவேட்டுல ஏறிடுச்சு. இனிமே வெளிய தள்ளணும்னா எழுதிக் குடுக்கணும். யார் எழுதறாங்கன்னு நானும் பாக்கறேன்."

கோபம் வந்தால் இரண்டு நாள் பேசமாட்டார். ஜெயிப்பவர்களுக்குக் கோப்பை வாங்கலாம் என்று சொன்ன பாவத்துக்கு, ஒன்றாக ஆடுவதைப் போட்டியாக்குகிறேன் என்று என்னிடமும் பேசவில்லை. திங்கட்கிழமை மாலை அவரே அழைத்தார். "அத்தினி பேரும் செருப்பை எங்கம்மா உடுவாங்க? வாசல் பத்தாது. சைக்கிள் ஸ்டாண்டைக் காலி பண்ணச் சொல்லு." அதுதான் எங்கள் கடைசிப் பேச்சு.

செய்தியைப் பார்த்ததும் ரயிலிலிருந்தே சுந்தரமூர்த்தி சாரை அழைத்தேன்.

"துக்கத்துல என்னம்மா ஆட்டம்? ஒரு மரியாதை வேண்டாமா? நான் ஆரம்பத்துலேருந்தே வேண்டாம்னுதான் சொன்னேன்" என்றார்.

"அவங்க இருந்தப்போ உங்களால நிறுத்த முடியலை சார். இப்ப மட்டும் எப்படி நிறுத்துவீங்க?"

பதிவேட்டில் வேறு ஏற்றிவிட்டாரே என்று முணுமுணுத்தார். பிறகு, "சரி, நடத்துங்க" என்று வைத்துவிட்டார்.

நான் எதிர்த்துப் பேசிப் பழகியவள் இல்லை. அலுவலகத்தில் மேலாளர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருப்பவள். அன்று என் வாயிலிருந்து வந்தது அக்காவின் துணிச்சல். அதை நான் திருப்பிக் கொடுப்பதாக இல்லை.

ஞாயிறு காலை பத்து மணிக்கு நூலகத்தில் விளையாட்டு நாள். மௌன அஞ்சலி கிடையாது. வருகிறவர்கள் ஆடிவிட்டுத்தான் போகவேண்டும்.